பக்குவம் அறிந்த மூலிகை: தோல் பராமரிப்பில் தாவரப் பொருள்கள்

தோலைப் பேணத் தாவரங்களைப் பயன்படுத்தும் வழக்கம் தமிழகத்தில் இரண்டு மரபுகளின் வழியாக நிலைத்து வந்துள்ளது. தைலம், களிம்பு, பூச்சு ஆகியவற்றை முறைப்படி செய்து தோல் நோய்களுக்குத் தரும் சித்த மருத்துவம் ஒன்று; மஞ்சள், பயத்தமாவு, நல்லெண்ணெய், சீயக்காய் என்று நாள்தோறும் குளியலோடு கலந்துவிட்ட வீட்டு வழக்கம் மற்றொன்று. அண்மைப் பத்தாண்டுகளில், இதே தாவரங்களின் பெயரைத் தாங்கி, ‘இயற்கையானது’, ‘ரசாயனம் கலவாதது’ என்ற அறிவிப்புகளோடு வரும் சோப்புகளும் முகப்பூச்சுகளும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. மூன்று இடங்களிலும் தாவரத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும், தோலின் மீது வந்து படும் பொருள் ஒன்றல்ல. ஆகவே, மூலிகை தோலுக்கு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த இனம், அதன் எந்தப் பகுதி, எதில் கரைத்தது, எவ்வளவு, யாருடைய தோலுக்கு என்று பிரித்துக் கேட்டால்தான் கிடைக்கும். இந்தக் கேள்விகள் அனைத்தையும் தமிழ் மருத்துவ மரபு ‘பக்குவம்’ என்ற ஒரு சொல்லில் அடக்கியிருந்தது. தற்கால ஆய்வுகள் மரபின் சில முடிவுகளை உறுதிப்படுத்தியும் சிலவற்றை மறுத்தும் இருக்கின்றன. எனினும், பக்குவம் மாறினால் பயனும் மாறும் என்ற அடிப்படையை அவை ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் மெய்ப்பித்துள்ளன.

தாவரப் பொருள் எதுவாயினும் அது முதலில் எதிர்கொள்வது தோலின் மேலடுக்கை. உயிரற்ற தட்டையான செல்கள் சுமார் பதினைந்து அல்லது இருபது வரிசைகளாகப் படிந்து, அவற்றின் இடைவெளிகளை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்துபோல் நிரப்பியிருக்கும் இந்த அடுக்கு, உடலின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஓரிரு பங்கு தடிமனே உடையது. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியிலுள்ள கிருமியும் நஞ்சும் உள்ளே நுழையாமலும் காப்பது இதுவே. இதன் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. அமிலக் கார அளவீட்டில் ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருக்கும். மூலக்கூறின் எடை 500 டால்டனுக்கு மேற்பட்டால் அது சேதமற்ற தோலைக் கடப்பது அரிது என்று 2000-ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட விதி, இன்றும் மருந்துப் பூச்சுகளை வடிவமைப்போருக்கு வழிகாட்டியாக உள்ளது. மூலிகையிலுள்ள புரதமும் மாவுச்சத்தும் தோலுக்குள் சென்று ஊட்டமளிக்கின்றன என்ற விளம்பரக் கூற்றுக்கு இடமில்லை என்பது இவ்விதியிலிருந்தே விளங்கும். அவை மேற்பரப்பில் தங்கி அழுக்கை உறிஞ்சலாம், ஈரத்தைப் பிடித்துவைக்கலாம். அதுவும் ஒரு பயன்தான், ஆனால் அது வேறு பயன்.

தமிழர் தோலோடு மிக நெருங்கிய தாவரம் மஞ்சள். சமையலுக்குரிய விரலி மஞ்சளும், உரசிப் பூசுவதற்கென விரும்பப்படும் குண்டு மஞ்சளும் குர்குமா லாங்கா என்ற ஒரே இனத்தின் கிழங்குகளே. பக்கக் கிளைகள் விரலியாகவும் தாய்க்கிழங்கு குண்டாகவும் பிரிக்கப்படுகின்றன. கஸ்தூரி மஞ்சள் குர்குமா அரோமாட்டிகா என்ற வேறு இனம். நறுமணம் மிகுந்தது, சாயம் குறைந்தது, ஆகவே முகத்தில் பூசினாலும் அழுத்தமான மஞ்சள் கறையை விடாது. விரலி மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் 1815-இல் பிரித்தெடுக்கப்பட்டு, அதன் வேதி அமைப்பு 1910-இல் தெளிவாக்கப்பட்டது. அதன் மூலக்கூறு எடை 368 டால்டன் என்பதால் 500 டால்டன் விதி அதற்குத் தடையில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது: குர்குமின் நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை, காரத்தன்மையில் விரைந்து சிதைகிறது, வெளிச்சம் பட்டாலும் அழிகிறது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசும்போது தோலில் ஒட்டுவது பெரும்பாலும் கரையாத துகளும் சாயமுமே. கரைப்பான் என்ற முறையில் எண்ணெயோ பாலாடையோ நீரைவிடப் பொருத்தமானவை. மஞ்சளை எண்ணெயில் காய்ச்சியும் பாலாடையில் குழைத்தும் பயன்படுத்திய வழக்கத்துக்கு இந்த வகையில் நியாயம் உண்டு.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது இந்திய வீடுகளில் எல்லாரும் அறிந்த செய்தி என்பதாலேயே, அமெரிக்காவில் 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அளிக்கப்பட்ட காப்புரிமை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து வழக்காடியதைத் தொடர்ந்து 1997-இல் அது நீக்கப்பட்டது. மரபறிவைத் தொகுக்கும் எண்ணிம நூலகம் உருவாக இந்த நிகழ்வு ஒரு தூண்டுதலாயிற்று. ஒரு செய்தி பழையது, அனைவருக்கும் பொதுவானது என்பதை நிறுவிய வெற்றி அது. அச்செய்தி மருத்துவ அளவில் எவ்வளவு உண்மை என்பது வேறு வினா. இவ்விரண்டும் பொதுப் பேச்சில் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. தோல்நலத்தில் மஞ்சளின் விளைவு பற்றி 2016-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, தேர்ந்தெடுத்த 18 ஆய்வுகளில் 10 ஆய்வுகள் கணிசமான முன்னேற்றத்தைக் காட்டியதாகக் கூறி, முடிவான தீர்ப்புக்கு இவை போதா என்றும் குறித்தது. உள்மருந்தாகவும் வெளிமருந்தாகவும் குர்குமின் பற்றி எழுந்துள்ள மிகப் பெரிய ஆய்விலக்கியத்தை 2017-இல் மறுபரிசீலனை செய்த மருந்து வேதியியலாளர்கள், சோதனைக்குழாயில் பல இலக்குகளின் மீது செயல்படுவதுபோல் தோற்றம் காட்டி ஏமாற்றும் மூலக்கூறுகளின் வரிசையில் அதை வைத்தனர். மஞ்சளைக் கைவிடச் சொல்லும் முடிவாக இதைக் கொள்ளத் தேவையில்லை. மஞ்சளுக்குக் குர்குமின் என்ற ஒரே முகம்தான் என்று எண்ணுவதைக் கைவிட இது போதும். கிழங்கின் நறுமண எண்ணெயிலும் செயல்திறன் உண்டு. மஞ்சள் பூசினால் ரோம வளர்ச்சி குறையும் என்ற பெண்களின் நெடுநாள் நம்பிக்கைக்கு அருகில் வரும் ஒரு சான்று, அதே பேரினத்தின் வேறொரு கிழங்கிலிருந்து எடுத்த நறுமண எண்ணெயைக் கொண்டு தாய்லாந்தில் நடந்த ஆய்விலிருந்துதான் கிடைத்திருக்கிறது.

இனம் மாறினால் எல்லாம் மாறும் என்பதற்குக் கஸ்தூரி மஞ்சளே நல்ல சான்று. சந்தையில் இப்பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி குர்குமா ஜெடோரியா என்ற வேறு கிழங்கு என்பதைக் கேரளத்துச் சரக்குகளை ஆராய்ந்த தாவரவியலாளர்கள் காட்டியுள்ளனர். வெட்டினால் உட்புறம் வெளிர்நிறமாகவும் பூசினால் சாயம் ஒட்டாமலும் இருக்க வேண்டிய பொருள், அடர்மஞ்சள் தூளாகப் பொட்டலத்தில் வந்தால் வாங்குபவர் ஐயுறுவதே முறை. சாதாரண மஞ்சள் தூளிலும், நிறத்தைக் கூட்டுவதற்காக மெட்டானில் மஞ்சள் என்ற சாயமும் காரீய குரோமேட்டும் கலக்கப்படுவது இந்தியத் துணைக்கண்டத்தில் ஆவணப்படுத்தப்பட்ட உண்மை. கல்லில் கிழங்கை உரசிப் பூசிய காலத்தில் இந்த இடர் எழ வழி குறைவு. கிழங்கு முழுதாகக் கண்முன் இருந்தது.

எண்ணெய்களைப் பொறுத்தவரை ஆய்வுகள் இன்னும் தெளிவான விடை தருகின்றன, அந்த விடை பலருக்கு வியப்பையும் தரும். தாவர எண்ணெய் எல்லாமே தோலை மென்மையாக்கும் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், அவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்களின் விகிதம் மேலடுக்கின் சாந்தை வலுப்படுத்தவும் கூடும், குலைக்கவும் கூடும். லினோலெயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் தோலின் காப்பு மீள்வதை விரைவுபடுத்துவதையும், கடுகெண்ணெய் அதைத் தாமதப்படுத்துவதையும் 2002-இல் எலிகளின் மீது செய்த ஆய்வு காட்டியது. அதன் தொடர்ச்சியாக வங்கதேசத்தின் டாக்காவில், கருவில் 33 வாரங்கள் நிறையும் முன்பே பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசிப் பார்த்ததில், மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 விழுக்காடும் இறப்பு 26 விழுக்காடும் குறைந்தன. ஒரு சாதாரணத் தாவர எண்ணெய், உரிய தோலில் உரிய நேரத்தில் பூசப்பட்டதால் உயிர்களைக் காத்தது என்பதைவிட இத்துறைக்கு உயர்ந்த நற்சான்று இருக்க முடியாது. இதற்கு மாறாக, ஆலிவ் எண்ணெய் வளர்ந்தவர்களின் தோலிலும் காப்பைக் குறைத்து இலேசான சிவப்பை உண்டாக்கியதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. மேனாட்டுப் புகழை நம்பிப் பிறந்த குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் தடவும் புதுப் பழக்கத்துக்கு அது எச்சரிக்கை.

தேங்காய் எண்ணெய் இவ்வரிசையில் நல்ல இடம் பெறுகிறது. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லாரிக் அமிலத்துக்குக் கிருமிகளை அடக்கும் இயல்பு உண்டு. கரப்பான் வகையைச் சேர்ந்த ஒவ்வாமைத் தோலழற்சி உடைய 117 குழந்தைகளைக் கொண்டு பிலிப்பைன்ஸில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரங்களில் நோயின் தீவிர மதிப்பெண் சுத்தத் தேங்காய் எண்ணெய் பூசியவர்களிடம் சுமார் 68 விழுக்காடும், கனிம எண்ணெய் பூசியவர்களிடம் சுமார் 38 விழுக்காடும் குறைந்தது. இதே எண்ணெய் பருக்கள் மிகுந்த முகத்தில் மயிர்த்துளைகளை அடைத்து இடரைக் கூட்டலாம் என்பதால், குழந்தையின் உலர்ந்த காலுக்கு உரிய மருந்தைப் பதின்பருவத்தவரின் முகத்துக்கும் உரியதாகக் கொள்ளலாகாது.

குளியல் பொடி அல்லது நலங்கு மாவு என்பது ஒரே பொருளின் பெயரன்று. பாசிப்பயறு, கடலைப்பருப்பு ஆகியவற்றை அடிப்படையாக வைத்து, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் என்று வீட்டுக்கு வீடு மாறும் கலவை அது. சோப்பின் காரத்தன்மை 9 முதல் 10 வரை இருப்பதால், அது தோலின் அமிலப் படலத்தைத் தற்காலிகமாகக் குலைக்கிறது. பருப்பு மாவோ எண்ணெயையும் அழுக்கையும் ஒற்றி எடுக்கும் அளவில் நின்றுவிடுகிறது. உலர்ந்த தோல் உடையோர்க்கும் முதியோர்க்கும் இம்மென்மையே அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் இப்பொடியில் வழக்கமாகச் சேர்க்கப்படும் ஒரு சரக்கு தனியே நின்று ஆராயத் தக்கது: கார்போகரிசி.

சோராலியா கோரிலிஃபோலியா என்ற சிறு செடியின் கறுத்த விதை இது. சித்த மருத்துவம் இதை வெண்குட்டத்துக்கும் அரிப்புக்கும் பயன்படுத்துகிறது. இவ்விதையிலுள்ள சோராலென் என்ற பொருள் செல்லின் மரபணு இழைகளுக்கிடையே நுழைந்து நிற்கும். நின்றவரை தீங்கில்லை, புற ஊதாக் கதிர் படும்போது அந்த இழைகளோடு பிணைந்து செல்லைத் தாக்கும். விளைவு, தோல் சிவந்து கொப்புளிப்பதும், பிறகு வாரக்கணக்கில் கறுத்துக் கிடப்பதும். இந்தக் கறுப்பையே வெண்குட்டத்தில் மருந்தாக்கினார்கள் முன்னோர். நிறமியை இழந்த தோலில் விதையின் பூச்சை இட்டு வெயிலில் இருத்தினார்கள். 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் சோராலென் வகைப் பொருளையும் புற ஊதாக் கதிரையும் இணைத்துக் காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) ஒரு சிகிச்சையை நிறுவியபோது, அடிப்படையில் இதே கொள்கை அளவிட்ட கதிரோடும் அளவிட்ட மருந்தோடும் மருத்துவமனைக்குள் வந்தது. மருத்துவரின் கையில் மருந்தாகும் இச்சரக்கை, முகப்பொலிவுக்கென்று எண்ணெயிலோ முகப்பூச்சிலோ சேர்த்துத் தேய்த்து வெயிலில் செல்வோர்க்கு அது எதிர்பாராத கருந்திட்டுகளைக் கொடுக்கும். குளியல் பொடியில் சிறு அளவாக இருந்து உடனே கழுவப்படுவதால் பெரும்பாலோர் தப்புகிறார்கள். நெடுநேரம் ஊறவிடும் பூச்சுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இதே விதையிலிருந்து 1966-இல் இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்த மற்றொரு பொருள் பகுச்சியால். விதையின் வடமொழிப் பெயரான பாகுசியிலிருந்து வந்த இப்பெயர், இன்று உலகின் விலை உயர்ந்த முகப்பூச்சுகளின் மீது அச்சிடப்படுகிறது. 44 பேரைக் கொண்டு 12 வாரங்கள் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், 0.5 விழுக்காடு பகுச்சியால் பூச்சு, முதுமைச் சுருக்கத்தைக் குறைப்பதில் பெயர்பெற்ற ரெட்டினாலுக்கு இணையாகச் சுருக்கத்தையும் கருமையையும் குறைத்தது. தோலுரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பூசியவர்களிடமே மிகுதி. ஆக, ஒரே விதைக்குள் வெயிலில் தோலைச் சுடும் பொருளும், தோலின் முதுமையைத் தணிக்கும் பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. ஆய்வகத்தில் தூய்மையாக்கிய பகுச்சியாலுக்குக் கிடைத்த நற்சான்றைக் காட்டி விதைத் தூளை விற்பது அறிவியலுக்கும் பொருந்தாது, விதையை எண்ணிக் கையாண்ட மரபுக்கும் பொருந்தாது.

பக்குவமே மருந்தை உண்டாக்கும் என்பதற்கு வெட்பாலைத் தைலம் மிக அழகிய எடுத்துக்காட்டு. வெட்பாலை இலைகளை நறுக்கித் தேங்காய் எண்ணெயில் இட்டு, அடுப்பேற்றாமல் நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறும். காளாஞ்சகப்படைக்குச் சித்த மருத்துவர்கள் பெரிதும் நம்பும் மருந்து இது. உயிருள்ள இலையில் இந்த நிறம் இல்லை. இலை அறுபடும்போது அதிலுள்ள நிறமற்ற முன்பொருள்கள் சிதைந்து காற்றோடு சேர்ந்து, இண்டிகோ சாயமாகவும் அதன் உறவான இண்டிருபினாகவும் மாறுகின்றன. வெட்பாலை இலையிலிருந்து அவுரிக்கு இணையான நீலச் சாயம் எடுக்க முடியும் என்பதைத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் முன்பே பதிவு செய்திருக்கிறார். வேறு தாவரங்களிலிருந்து பெற்ற இதே வகை நீலப் பொருளைக் களிம்பாக்கித் தைவானில் 42 நோயாளிகளிடம் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தற்ற களிம்பைவிட அது தெளிவான பயனைத் தந்தது. பச்சை இலையை அரைத்துப் பூசியிருந்தாலோ, நீரில் கொதிக்கவைத்திருந்தாலோ இப்பொருள் இவ்வடிவில் எண்ணெய்க்குள் வந்திருக்காது. வேதியியல் என்ற சொல் இல்லாமலே, எண்ணெயின் நிறமாற்றத்தைக் கண்ணால் கண்டு மருந்தின் முதிர்ச்சியை அறிந்த அந்தத் திறன் மதிப்புக்குரியது.

சோற்றுக்கற்றாழையின் பக்குவமும் இத்தகையதே. மடலின் தோலுக்கும் சோற்றுக்கும் இடையிலிருந்து வழியும் மஞ்சள் பாலில் அலோயின் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளன; உட்சோறோ நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீர். பாலை வடியவிட்டு, சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்ற வீட்டு விதி இந்தப் பிரிவினையைத்தான் செய்கிறது. வடிகட்டாத முழு மடல் சாற்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அதற்கான சான்று உட்கொண்ட விலங்குகளிடமிருந்து கிடைத்ததே. தோலில் பூசுவதற்கு அது நேரே பொருந்தாது. ஆனாலும் மடலைப் பிளந்த கையோடு முகத்தில் தேய்ப்பவர்களுக்கு அரிப்பு உண்டாவது அதே கழுவாத பாலினால்தான்.

வேம்பு, மருதாணி, எலுமிச்சை ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதை 814 பேருக்குச் சிரங்குக்காகப் பூசியதில் 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாள்களில் குணமடைந்ததாக 1992-இல் வெளியான முன்னோடி ஆய்வு கூறியது. ஒப்பிட வேறு குழு இல்லாத அந்த ஆய்வு, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் முறையாகத் தொடரப்படாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. மருதாணியின் சிவப்பு லாசோன் என்ற பொருளால் வருவது, அது பெரும்பாலோர்க்குத் தீங்கற்றது. சில நிமிடங்களில் கன்னங்கரிய நிறம் தரும் ‘கறுப்பு மருதாணி’யில் இருப்பது தலைமுடிச் சாயத்துக்குரிய பாரா ஃபினிலின் டையமின், அது கடும் ஒவ்வாமையை வாழ்நாள் முழுதும் தொடரவிடக் கூடியது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்கும் பரிந்துரை எத்தனை முறை திரும்பத் திரும்ப வந்தாலும் தவறே. அதன் அமிலம் தோலின் இயல்பைவிடப் பன்மடங்கு கடுமையானது, அதன் தோலெண்ணெயில் கார்போகரிசியைப் போன்றே வெயிலோடு சேர்ந்து சுடும் பொருள்களும் உள்ளன.

இத்துறையின் மிகப் பெரிய கேடு தாவரத்திலிருந்து வரவில்லை. சிவப்பழகு என்ற ஆசையிலிருந்து வந்தது. தோலின் நிறமியைத் தடுக்கும் பாதரசம் சில முகப்பூச்சுகளில் கலக்கப்படுவதும், அது சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாக்குவதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. கேரளத்தின் மலப்புறம் பகுதியில் 2021 முதல் 2023 வரை கண்டறியப்பட்ட 22 சிறுநீரகச் சவ்வு நோயாளிகளில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பூட்டும் பூச்சுகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். எந்த மூலிகையும் இயல்பான மாநிறத்தைச் சில வாரங்களில் வெளுக்கச் செய்யாது. அவ்வாறு செய்யும் ‘மூலிகைப் பூச்சு’ ஒன்று கிடைத்தால், அதில் மூலிகையைத் தவிர வேறொன்று இருக்கிறது என்பதே பொருள். மஞ்சள் பூசிய முகத்தின் ஒளியைப் போற்றிய ஒரு பண்பாடு, அதே மஞ்சளை வெளுப்புக்கான மருந்தாக விற்கும் விளம்பரத்துக்கு இரையாகியிருப்பது மனத்தை உறுத்துகிறது.

இப்பொருள்களை ஆளும் சட்டத்தில் இரண்டு வாயில்கள் உள்ளன. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழ்ச் சித்த மருந்தாக உரிமம் பெறும் தைலத்தின் சிட்டையில் ஒவ்வொரு சரக்கின் தாவரவியல் பெயரும், பயன்படுத்திய பகுதியும், அளவும் குறிக்கப்பட வேண்டும். அழகுப் பொருளாக உரிமம் பெற்றால், 2020-ஆம் ஆண்டின் விதிகள்படி சேர்மானங்கள் எடை வரிசையில் பட்டியலிடப்பட்டால் போதும். ஒரு விழுக்காட்டுக்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் வரலாம். பெட்டியின் முகப்பில் பெரிதாக வரையப்பட்ட வேப்பிலை, பட்டியலின் கடைக்கோடியில் மணப்பொருளுக்கும் பின்னால் நிற்பது இதனால் சாத்தியமாகிறது. மணப்பொருளும் தாவர எண்ணெயாகவே இருக்கலாம்; ஆயினும் எலுமிச்சை, லாவண்டர் முதலியவற்றின் நறுமண எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பழகும்போது ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன என்பதால், தாவரத்திலிருந்து வந்தது என்பது அவற்றுக்கு விலக்களிப்பதில்லை.

இவ்விரு வாயில்களுக்கும் வெளியே நிற்பது நாட்டு மருந்துக் கடையில் எடை போட்டு வாங்கி, மில்லில் கொடுத்து அரைத்து வரும் வீட்டுப் பொடி. அதற்குச் சிட்டையும் இல்லை, சோதனையும் இல்லை; கிழங்கை முகர்ந்தும் உடைத்தும் பார்த்து இது பூலாங்கிழங்கு, இது கிச்சிலிக்கிழங்கு என்று பிரித்துத் தரும் கடைக்காரரின் கண்ணும் மூக்குமே அதன் தரக்கட்டுப்பாடு. முழுச் சரக்கைக் கொடுக்காமல் முன்பே அரைத்த தூளைப் பொட்டலமாக விற்கும் கடைகள் பெருகும்போது அந்த அறிவுக்கு வேலை இல்லாமல் போகிறது. வாங்குபவர் செய்யக் கூடியவை சிலவே: சரக்கை முழுதாகக் கேட்டு வாங்குதல், சிறிதளவாக அரைத்து ஈரம் படாமல் வைத்தல், நீரில் குழைத்ததை அன்றன்றே தீர்த்தல், புதிய பொருள் எதையும் முழங்கையின் உட்புறத்தில் இரண்டு மூன்று நாள்கள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோதல், கார்போகரிசி சேர்ந்திருந்தால், பூசிய நாளில் வெயிலுக்குப் போகாதிருத்தல்.